அக்டோபரில் பார்த்த கல்லறை

எழுத்தாளர்களின் கல்லறைகளைப் போய்ப் பார்க்கலாம் என்று எங்கள் வாசகர் வட்டத்தில் முதலில் வாயைத் திறந்தது நான்தான். பின்னால் நடந்த அத்தனை கூத்துக்கும் வட்டத்தின் தலைவரைத் திட்டியிருக்கிறேன், வாட்ஸப்பைத் திட்டியிருக்கிறேன், கல்லறைத் தோட்டத்து அலுவலகத்தைத் திட்டியிருக்கிறேன். ஆனால் பிள்ளையார் சுழி போட்டது நான். இதை இப்போதே சொல்லிவிட்டால் மற்றவர்களைத் திட்டுவதற்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

எங்கள் வட்டம் மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில், மாதம் இரண்டு ஞாயிறு கூடும். வெயில் என்றால் பதினைந்து பேர், மழை என்றால் ஆறு பேர். தலைவர் வங்கியில் மேலாளராக இருந்தவர். 'இறுதியாக ஒன்று' என்று மூன்று முறை சொல்லாமல் பேச்சை முடிக்கமாட்டார். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். வட்டத்தின் செயலாளர். செயலாளர் என்றால் வேறொன்றுமில்லை, காபி ஃபிளாஸ்க்கைக் கொண்டுவரவேண்டும், வட்டத்தின் பெயரில் போகிற எல்லாக் கடிதங்களிலும் கையெழுத்துப் போடவேண்டும். இந்தக் கையெழுத்து பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் எழுத்தாளர்களைத் தேடி மயானத்துக்குப் போவதில் ஒரு தொல்லை இருக்கிறது. பெரும்பாலோரை எரித்துவிடுகிறோம். நாங்கள் கொண்டாடுகிற ஆட்களில் முக்கால்வாசிப் பேர் புகையாகப் போய்க் கடலில் கரைந்தவர்கள். போய் நிற்கலாம் என்றால் இடம் கிடையாது. என் கணவரும் அப்படித்தான். நான்கு வருஷம் முன்னால் போனார். ஒரு மண்பானையில் வாங்கிக் கடலில் விட்டு, திரும்பிப் பார்க்காமல் வரச்சொன்னார்கள், வந்துவிட்டேன். இன்றைக்கும் சாந்தோம் பக்கம் பஸ்ஸில் போனால் கடல் தெரிகிற சந்துகளில் எல்லாம் எட்டிப் பார்க்கிறேன். எந்த அலையைப் பார்ப்பது? எனக்குக் கல்லறைமேல் ஆசை வந்ததற்கு இலக்கியம் காரணமில்லை, இதுதான் காரணம். வட்டத்தில் இதைச் சொல்லவில்லை. 'வேர்களைத் தேடி' என்று ஏதோ சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

அக்டோபர் முதல் வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். எந்தக் கல்லறைத் தோட்டம் என்று சொல்லமாட்டேன், ஏற்கெனவே அவர்களுக்கு எங்களால் பட்டது போதும். பழைய தோட்டம், மயிலாப்பூருக்குப் பக்கம், கடல் காற்று வரும் தூரம். தொப்பி, தண்ணீர் பாட்டில், கொசுவுக்குத் தடவுகிற களிம்பு எல்லாவற்றோடும் ஒன்பது பேர். தலைவர் கழுத்தில் மைக் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒன்பது பேருக்கு மைக்! இறந்தவர்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டாரோ என்னவோ.

மூன்று எழுத்தாளர்களைப் பார்ப்பதாகத் திட்டம். முதலாமவர் கடல் கடந்து வந்து தமிழ் இலக்கணம் எழுதின பாதிரியார். அவருக்குப் பெரிய கல், பூட்டின கம்பி வேலி, சுத்தம். இரண்டாமவர் மாதா கோயில்களில் இன்றைக்கும் பாடுகிற பாட்டுகளை எழுதினவர். அவருக்கும் கல் இருந்தது, கிரோட்டன்ஸ் செடி வைத்திருந்தார்கள். மூன்றாமவர்தான் எங்கள் ஆள். ஒரு காலத்தில் வாராவாரம் தொடர்கதை எழுதி, பத்திரிகை வருகிற நாளில் வீட்டில் சண்டை மூட்டினவர். அவருடைய கல்லறையை யாருக்கும் தெரியவில்லை. வாசலில் இருந்த காவலாள் பேரைக் கேட்டுவிட்டு, "எந்த வருஷம்?" என்றார். சொன்னோம். சிரித்துவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

எங்களிடம் ஒரு புகைப்படம் இருந்தது. பழைய வாரப் பத்திரிகை ஒன்றில் வந்த இறுதி ஊர்வலப் படம். சுற்றுச்சுவர், ஒரு பாதாம் மரம், அதன் கீழ் கூட்டம். தோட்டம் முழுக்கச் சுற்றினோம். சுவர் ஓரத்தில் ஒரே ஒரு பாதாம் மரம்தான் இருந்தது. அதன் நிழலில் ஐந்து கல்லறைகள். நான்கில் பேர் இருந்தது. ஐந்தாவதில் ஒரு சிமெண்டுச் சிலுவை, அதன் பீடத்தில் பேர் இருந்த அடையாளம்கூட இல்லை, உரிந்த சுண்ணாம்பு, மேலே பாதாம் சருகு. ஐந்தில் நான்கு அவர் இல்லை, ஆகவே ஐந்தாவது அவர். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை இப்படி விடை எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பேன். அன்றைக்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. தலைவர் மைக்கைப் போட்டுக்கொண்டு, "ஒரு மகத்தான எழுத்தாளன், பெயர்கூட இல்லாமல்..." என்று ஆரம்பித்தார். பேசும்போது பக்கத்துக் கல்லறைமேல் ஒரு காலை வைத்துக்கொண்டார். நான் இறங்கச் சொன்னேன். இறங்கிவிட்டு மறுபடியும் வைத்தார்.

வீட்டுக்கு வந்து அன்றைக்கே கட்டுரை எழுதினேன். பேரில்லாத கல்லறை, மறந்துபோன சமூகம், சருகு, காற்று. எனக்கு நன்றாக எழுத வரும், அதுதான் வினையே. ஒரு சிற்றிதழின் இணையப் பக்கத்தில் போட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷமாக எழுதுகிறேன், என் தங்கைகூடப் படித்ததில்லை. இதை எங்கள் கீரைக்காரம்மாவின் மருமகன் படித்துவிட்டு எனக்கே அனுப்பினான். ஃபோன் ஓயவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

மேடை என்று வந்துவிட்டால் தலைவர் மின்னல். எழுத்தாளரின் பேரனை எங்கேயோ வெளிநாட்டில் தேடிப் பிடித்தார். பேரன் பாவம், தாத்தாவின் ஒரு கதைகூடப் படித்ததில்லை, தமிழும் தெரியாது, 'மிக்க மகிழ்ச்சி, தாராளமாகச் செய்யுங்கள்' என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டார். அதைக் கொண்டுபோய்க் கல்லறைத் தோட்டத்து அலுவலகத்தில் கொடுத்து, நினைவுக்கல் வைக்க விண்ணப்பித்தோம். அங்கிருந்த எழுத்தர் பழைய பதிவேட்டைப் பார்க்கவேண்டும் என்றார். பார்த்தால் அந்த வரிசைக்கான பக்கங்கள் எப்போதோ வெள்ளத்தில் நனைந்து ஒட்டிப்போயிருந்தன. "யாரும் உரிமை கேட்டு வரல. குடும்பக் கடிதம் இருக்கு, போதும்" என்று புதுப் பதிவேட்டில் எழுத்தாளர் பெயரில் ஏற்றிவிட்டார். விண்ணப்பத்தின் அடியில் செயலாளர் என்று கையெழுத்துப் போட்டேன். ஒரு வாரத்தில் கறுப்பு கிரானைட் வந்து இறங்கியது. எழுத்தாளரின் பெயர், பிறப்பு, இறப்பு, அதற்குக் கீழே எங்கள் வட்டத்தின் பெயர். வட்டத்தின் பெயர் எழுத்தாளரின் பெயரைவிட ஒரு விரல் பெரிதாக இருந்தது. நான் சொன்னேன், தலைவர் காதில் விழாதமாதிரி இருந்தார்.

திறப்பு விழாவை நவம்பர் இரண்டாம் தேதி வைத்தார். கல்லறைத் திருநாள். அன்றைக்குக் கூட்டம் இருக்கும், தானாகவே கூட்டம் சேரும், நம் விழாவுக்கும் ஆள் வந்தமாதிரி இருக்கும் என்பது அவர் யோசனை.

அந்த நாளில் அந்தத் தோட்டத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அக்டோபரில் பார்த்த இடமா இது என்றிருந்தது. எல்லாக் கல்லறையும் வெள்ளையடித்துப் புதுசாக இருந்தது. சாமந்தி மாலை, மெழுகுவத்தி, ஊதுவத்தி. சிலுவைகளில் எல்லாம் பேர்கள் கறுப்புப் பெயின்ட்டில் பளபளவென்று. தரையில் பெயின்ட் டப்பாக்கள். குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முதலில் அழகாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு பெரியவர் ஒரு சின்னச் சிலுவையில் குனிந்து, அழிந்துபோயிருந்த எழுத்தின்மேல் தூரிகையை ஓட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நின்றுவிட்டேன். கல்லில் செதுக்க வசதியில்லாதவர்கள் பெயின்ட்டில் எழுதுகிறார்கள். நவம்பரில் எழுதுகிறார்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அதைத் தின்றுவிடுகிறது. அக்டோபரில் பேர் இருக்காது. அக்டோபரில் பேர் இல்லாத கல்லறைக்கு ஆள் இல்லை என்று அர்த்தம் கிடையாது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான், கூப்பிடு தூரத்தில் நடக்கிற இது எனக்குத் தெரியவில்லை.

பாதாம் மரத்தடிக்கு வந்தால், அங்கே தலைவரும் வட்டத்தார் ஏழெட்டுப் பேரும் நின்றிருந்தார்கள். எதிரே ஒரு அம்மாள். எழுபது வயது இருக்கும், ஒடிந்து விழுகிற மாதிரி உடம்பு, கையில் இன்னும் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஒரு கையில் பூப்பை, இன்னொரு கையில் சின்னப் பெயின்ட் டப்பா. அந்த டப்பாவைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"இன்னா சார் இது? யாரு இத்த வெச்சது?" என்றாள் அந்த அம்மாள்.

தலைவர் உருகிப்போனார். "பார்த்தீங்களா, எளிய மக்கள் மறக்கலை! அம்மா, நீங்க அவரோட கதையெல்லாம் படிச்சிருக்கீங்களா?"

"இன்னா கத? இது எங்க வூட்டுக்காரரு. பதினஞ்சு வருசமா இங்கதான் கீறாரு."

தலைவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என்னை இரண்டடி தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய்க் காதருகில் சொன்னார்: "மேடம், இது பெரிய கண்டுபிடிப்பு. அவருக்கு மீனவர் குப்பத்தில் இன்னொரு குடும்பம் இருந்திருக்கு. மூணு தொடர்கதையில கடல் வருதே, ஏன்னு யாருக்காவது தெரியுமா?"

எழுத்தாளர் செத்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த அம்மாள் பதினைந்து வருஷம் என்கிறாள். வங்கியில் இந்த மனிதர் எப்படிக் கணக்கை நேர் செய்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தலையில் அடித்துக்கொள்ளத்தான் முடிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஒருவர் அந்த அம்மாளை கிரானைட் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்துவிட்டார். மத்தியானத்துக்குள் அது நாலு குழுவில் சுற்றி எனக்கே திரும்பி வந்தது: 'மாபெரும் எழுத்தாளரின் அறியப்படாத துணைவி.'

அன்றைக்கு எல்லாரும் போனபிறகு நான் மட்டும் அந்த அம்மாளோடு மரத்தடியில் உட்கார்ந்தேன். அவள் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு முந்தின நாள்தான் வந்திருந்தாள். இல்லாவிட்டால் ஒரு நாள் முன்னாலேயே வந்து வெள்ளையடித்திருப்பாள். பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினாள். அடக்கம் செய்தபோது அலுவலகத்தில் கொடுத்த சீட்டு, வரிசை எண், குழி எண், கணவரின் பெயர். புகைப்படத்தைக் காட்டி மரத்தைப் பற்றிச் சொன்னேன்.

"இந்த மரமா? இத்த நான்தான் வெச்சேன், அவரு பூட்ட வருசம். அவரு மேல வெயிலு அடிக்குதேன்னு." கிரானைட்டைத் தடவிப் பார்த்தாள். "எங்கப்பாவ கடலு எடுத்துகிச்சு. மூத்த புள்ளயயும் எடுத்துகிச்சு. ரெண்டு பேரும் கரைக்கு வரல. இவரு ஒர்த்தருதான் ஜொரம் வந்து கட்டில்ல பூட்டாரு. எங்க வூட்ல கல்லற கெடச்ச ஒரே ஆம்பள இவருதாம்மா."

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாள். அந்தத் தோட்டத்தில் புதுக்குழிக்கு இடம் கிடையாது. ஆனால் பதினாலு வருஷம் கழித்து, அதே குடும்பத்தில் யாராவது இறந்தால், அதே குழியைத் திறந்து அவர்களையும் அதிலேயே வைப்பார்கள். பழைய வழக்கம். அம்மா மேல் மகன், கணவன் மேல் மனைவி என்று அடுக்கடுக்காக ஒரே இடத்தில் குடும்பமாக இருக்கிறார்கள்.

"பதினாலு வருசம் ஆவறதுக்குள்ள பூட்டேன்னா தொறக்க மாட்டாங்க. ஊருக்கு வெளிய எங்கியோ கொண்டுபோயி தனியா போட்டுடுவாங்க. அதுக்கோசரம் மாத்திரய ஒரு வேள வுடாம துன்னுகினு இருந்தேன். போன வருசம்தான் ஆச்சு. அப்பாடா, இனிமே எப்ப வோணா சாவலாம்னு நெனச்சிகினு இருந்தா, நீங்க வந்து கல்லப் போட்டு வெச்சிகிறீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

மறுநாள் அந்தச் சீட்டை இரவல் வாங்கிக்கொண்டு எழுத்தரிடம் போனேன். சீட்டைப் பார்த்துவிட்டு அவர் நெற்றியைத் தேய்த்தார். பதிவேட்டில் இப்போது எழுத்தாளர் பேர் ஏறிவிட்டது. அதை அடிக்கவேண்டுமானால் விண்ணப்பித்தவர்களே, தவறான இடத்தை அடையாளம் காட்டிவிட்டோம் என்று எழுத்தில் கொடுக்கவேண்டும். கல்லை அவர்களே எடுத்துக்கொள்ளவும் வேண்டும். அதுவரைக்கும் குழியைத் திறக்க அனுமதி இல்லை.

தலைவரிடம் போனேன். அவர் பிடி கொடுக்கவில்லை. ஒரு சீட்டை வைத்து முடிவுக்கு வந்துவிட முடியாது என்றார், ஆய்வுக் குழு அமைக்கலாம் என்றார். ஆய்வுக் குழுவும் அமைத்தார். அதற்கும் என்னையே செயலாளராகப் போட்டார்.

இத்தனைக்கும் நான் மட்டும் தனியாகக் கையெழுத்துப் போட்டால் போதும். விண்ணப்பத்தில் இருந்தது என் கையெழுத்துதான். எழுத்தரே சொன்னார். ஆனால் நான் மூன்று மாதம் அதைச் செய்யவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தக் கட்டுரைக்கு ஒரு பரிசு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு தொகுப்பு நூலில் சேர்ப்பதாகவும் பேச்சு. முப்பது வருஷம் மற்றவர்கள் எழுதினதைத் திருத்திக்கொண்டிருந்தவளுக்கு ஒருமுறை கை தட்டு விழுந்திருக்கிறது. அதைத் தவறு என்று நானே எழுதிக்கொடுக்கவேண்டும். ஆய்வுக்குழு முடியட்டும், பொங்கல் போகட்டும், பரிசளிப்பு முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். தலைவர்மேல் பழியைப் போட்டுக்கொண்டே தள்ளினேன்.

வீட்டு அடையாளம் சொல்லியிருந்தேன், அந்த அம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் அடுக்குமாடிக்கு வருவாள். சாந்தோமிலிருந்து நடந்தே வருவாள். மீன் கூடைக்காரி என்று நினைத்து வாட்ச்மேன் முதல் முறை வாசலிலேயே நிறுத்திவிட்டார். நான் இறங்கிப் போனேன். மேலே வரச்சொன்னால் வரமாட்டாள். கீழே பைக் நிறுத்துகிற இடத்தில் படிமேல் உட்கார்ந்து, "இன்னாம்மா, ஆச்சா?" என்பாள். "ஆகிடும்" என்பேன். காபி குடித்துவிட்டுப் போய்விடுவாள். ஒரு சொல் கூடுதலாகக் கேட்கமாட்டாள். வெள்ளிக்கிழமை வந்தாலே எனக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது. யார்மேல் எரிச்சல் என்று தெரிந்தும் அவள்மேல் காட்டினேன். ஒருமுறை, "வேலை ஆனால் நானே சொல்லி அனுப்பமாட்டேனா?" என்று கடுகடுத்தேன். "சரிம்மா" என்று எழுந்து போனாள். அடுத்த வெள்ளிக்கிழமை வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை.

மூன்றாவது வாரம் நானே தேடிக்கொண்டு போனேன். கடற்கரை ஓரத்து ஹவுசிங் போர்டு வீடு, மூன்றாவது மாடி. சைதாப்பேட்டையில் இருக்கிற மகள் வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் கட்டிலில் படுத்திருந்தாள். மறுபடியும் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்து அனுப்பியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். தலைமாட்டில் மாத்திரைகள், பக்கத்தில் அந்தப் பிளாஸ்டிக் கவர்.

"மறுபடியும் ஒயுங்கா துன்னுகினு கீறேன்" என்று மாத்திரையைக் காட்டினாள். "நீ ஆச்சின்னு சொல்றவரைக்கும் சாவ மாட்டேன், பயப்படாத."

என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள். அதுதான் என்னால் தாங்கமுடியவில்லை. அவள் மகள் என்னை முறைத்துக்கொண்டு நின்றாள், அந்த முறைப்புக்கு நான் தகுதியானவள்தான்.

மறுநாள் காலை அலுவலகம் திறப்பதற்குமுன் போய் வாசலில் நின்றேன். எழுத்தர் வந்து, தாள் கொடுத்தார். நான் கட்டுரை எழுதுகிறவள் அல்லவா, முதல் பிரதியில் சூழ்நிலை, பழைய புகைப்படம், வெள்ளத்தில் நனைந்த பதிவேடு எல்லாவற்றையும் விவரித்து ஒரு பக்கம் எழுதினேன். படித்துவிட்டு, "இதுல தப்பு யாருதுன்னே தெரியலியே மேடம்" என்றார். இரண்டாவது பிரதியில் 'எங்கள் குழு' என்று எழுதினேன். "கையெழுத்து உங்களோடது ஒண்ணுதானே இருக்கு?" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது எழுதினேன். மூன்று வரி. இந்தக் கல்லறை இன்னாருடையது. நான் விசாரிக்காமல் தவறாக அடையாளம் காட்டினேன். பதிவைத் திருத்தித் தரவும். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சுருக்கி எழுதச் சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்த எழுத்தர் சொல்லிக்கொடுத்தார்.

சிற்றிதழுக்கும் அதையே அனுப்பினேன். கட்டுரையை எடுத்துவிட்டார்கள். திருத்தத்தைப் போட்டார்கள், யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பரிசைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. தலைவர் வாட்ஸப் குழுவிலிருந்து என்னை நீக்கினார். நீக்கின கையோடு தனியாக ஒரு செய்தி அனுப்பினார்: ஃபிளாஸ்க் வட்டத்துக்குச் சொந்தமானது, திருப்பித் தரவும். அது என் கல்யாணத்துக்கு வந்த ஃபிளாஸ்க்!

அலுவலகத்தில் பதிவைத் திருத்திவிட்டு, கிரானைட் கல்லை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். வட்டம் தொட மறுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஒரு மினி வேனில் ஏற்றி எங்கள் அடுக்குமாடிக்குக் கொண்டுவந்தேன். இப்போதும் அது கீழே, என் கணவரின் ஸ்கூட்டர் நின்ற இடத்தில், சுவரைப் பார்த்துத் திருப்பிவைத்துச் சாய்த்திருக்கிறது. குடியிருப்போர் சங்கத்திலிருந்து இரண்டு நோட்டீஸ் வந்துவிட்டது. பிணக்கல்லை வீட்டில் வைத்தால் ஆகாதாம். எழுத்தாளர் எங்கே கிடக்கிறார் என்று தெரிந்தால் நானே தூக்கிக்கொண்டுபோய் நட்டுவிடுவேன். தெரியவில்லை. அவருடைய குடும்பத்தார் அந்தக் குழியை எப்போதோ திறந்து வேறு யாரையாவது வைத்திருக்கலாம் என்றார் எழுத்தர். அவருடைய புத்தகங்கள் இருக்கின்றன, படிக்கலாம். நாங்கள் அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

பழைய சிமெண்டுச் சிலுவையைக் கல் பதிக்கவந்த கொத்தனார் பிடுங்கி மோட்டார் அறைக்குப் பின்னால் போட்டிருந்தார். இரண்டு துண்டு. தேடி எடுத்து, ஒட்டவைத்து, பீடத்தைப் பூசி, பழையபடி நட்டுக்கொடுத்தேன். பூச்சுக் காய்ந்ததும் போய்ப் பார்த்தேன். எனக்குத் திருப்தியாக இருந்தது. எவ்வளவு மக்கு நான் என்பது நவம்பர் ஒன்றாம் தேதிதான் தெரிந்தது.

இந்த வருஷம் அந்த அம்மாள் ஒரு நாள் முன்னாலேயே போவதாகச் சொல்லியிருந்தாள். நானும் போனேன். தூறல் விட்டிருந்தது. இரும்பு நாற்காலி ஒன்றை யாரோ கொடுத்திருந்தார்கள், அதில் உட்கார்ந்து மகள் வெள்ளையடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் மெலிந்திருந்தாள். வெள்ளையடித்து முடித்துவிட்டு மகள் மெழுகுவத்தி வாங்க வாசலுக்குப் போனாள். அந்த அம்மாள் கறுப்புப் பெயின்ட் டப்பாவைத் திறந்து, தூரிகையை எடுத்து, பீடத்தருகில் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே இருந்தாள். விரலால் பீடத்தைத் தடவினாள், இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"என்ன தேடறீங்க?"

"பேரு எங்க போச்சு?"

பீடத்தைப் புதிதாகப் பூசியிருக்கிறது, பேர் எங்கே இருக்கும் என்றேன்.

"எனுக்கு எய்தத் தெரியாதும்மா. மொத வருசம் பாதர் எய்திக் குடுத்தாரு. அதுமேலயே வருசா வருசம் தடவிகினு வருவேன். பெயின்டு பூட்டாலும் கிட்ட போய் பாத்தா கோடு கோடா தெரியும்."

உரிந்த சுண்ணாம்பு என்று நான் எழுதினேனே, அதில் அந்தக் கோடுகள் இருந்திருக்கின்றன. கிட்டே போய்க் குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் நின்றபடியே பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனவள். இப்போது புதிதாகப் பூசி அந்தக் கோடுகளையும் மூடிவிட்டேன். அந்தச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

அவள் தூரிகையை என் பக்கம் நீட்டினாள். "நீ டீச்சருதான? எய்திக் குடு. அடுத்த வருசம் பாப்பா அதும்மேல தடவிக்கும்." பாப்பா என்றது மகளை.

ஈரத் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்தேன். சீட்டைப் பிரித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தேன். கரும்பலகையில் எழுதின கை, நேராக வரும் என்று தைரியம். பீடத்தின் நடுவில், நன்றாகத் தெரியட்டும் என்று முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டேன்.

"அம்மாடி, இம்மாம் பெருசா வோணாம்" என்றாள் மேலிருந்து. "அடியில கொஞ்சம் எடம் வுட்டு எய்து."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. போட்ட எழுத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, மேலே தள்ளி, சின்னதாக மறுபடியும் ஆரம்பித்தேன்.